தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு

விரலை எங்கே வைப்பது. வேட்டி மடிப்புக்குள் வைத்தேன், ஓட்டுச்சாவடி வரிசையில் வேட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிற கிழவனைப் போலீஸ்காரர் என்னவென்று நினைப்பார், எடுத்துவிட்டேன். கக்கத்தில் வைத்தேன், கக்கம் வேர்க்கிறது, வேர்வையில் உப்பு, உப்பில்தானே வினையே ஆரம்பிக்கிறது, அதையும் எடுத்தேன். இப்போது இடது கையைப் பொத்தி, அதன்மேல் வலது கையைக் கவிழ்த்து, கோயிலில் வாங்கிய திருநீறு காற்றில் பறந்துவிடாமல் கொண்டுபோகிறவன் மாதிரி நிற்கிறேன். காலையில் வீட்டில் பல் தேய்க்கும்போது அது வெறும் விரலாகத்தான் இருந்தது. நகத்தடியில் லேசாக ஒரு தேயிலைக் கறை, அவ்வளவுதான். சோப்புப் போட்டேன், போகவில்லை, போனால் போகிறது என்று வந்துவிட்டேன். பள்ளிக்கூட வாசலைத் தாண்டி இந்த மைதானத்து வெயிலில் நின்ற பிறகு தேயிலை புளியாகி, புளி கருப்பட்டியாகி, கருப்பட்டி இன்னும் காய்ந்துகொண்டே இருக்கிறது. வேறு விரலாக இருந்தால் சனியன் கிடக்கிறது என்று விட்டுவிடலாம். கட்டைவிரலிலும்தான் கொஞ்சம் கறுத்திருக்கிறது, கட்டைவிரலை யார் கேட்கிறார்கள். இது இடது கை ஆள்காட்டி விரல். இன்றைக்கு இந்த வார்டில் ஓட்டுப் போடுமுன்பே ஒருவனுக்கு இந்த விரல் கறுத்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கட்டில் சின்னத்து ஆட்கள் நேற்று ராத்திரி தெருவுக்குள் வந்து, பூட்டுச் சாவிக்குப் போடுவார்கள் என்று சந்தேகப்பட்ட வீடுகளில் ஆளுக்கொரு எவர்சில்வர் குடத்தைக் கொடுத்து, கையோடு விரலில் மையையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மை வைத்த விரலோடு சாவடிக்குள் நுழைய முடியாது அல்லவா. போன தேர்தலிலும் இதே வேலைதான் நடந்தது. பார்த்தேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை, ஆனால் விடிந்ததும் சில வீட்டு வாசலில் புதுக்குடம் கண்ணைப் பறிக்கிறது. அந்தப் பூட்டுச் சாவி என் பெண்டாட்டி புஷ்பக்கனி. பெண்கள் வார்டு என்று அறிவிப்பு வந்த அன்று டீக்கடையில் நான், 'எங்க வீட்டுக்காரி நின்னா எதுத்து நிக்க இனிமேத்தான் ஆள் பெறக்கணும்' என்று சும்மா ஒன்றை எடுத்து விட்டேன், மறுநாளே போய் மனுத்தாக்கல் பண்ணிவிட்டாள். என்னை நம்பி அல்ல, என் வாயை அடைக்க. பிரசாரத்தின் கடைசி நாள் தெருமுனையில் மைக்கைப் பிடித்து, 'கறுத்த வெரலோட எவனும் என் வாசப்படி மிதிக்கப்பிடாது, கூடப்பெறந்தவனா இருந்தாலும் சரி, தாலி கட்டுனவரா இருந்தாலும் சரி' என்றாள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், நல்லா ஓங்கி.

எனக்கு எவனும் குடம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும், சொல்லுவதற்கு நம்புகிற மாதிரி ஒன்று இருந்திருக்கும். எனக்கு நடந்ததைச் சொன்னால், அதுவும் நான் சொன்னால், பாலவேசம் வாயிலிருந்து வந்தால், இந்த வரிசை முழுக்க உட்கார்ந்து சிரிக்கும். சிரிக்காதா பின்னே. நான் உப்பு லாரி ஓட்டினவன். உப்பளத்து உப்பைக் கேரளத்துக்குக் கொண்டுபோய்த் தட்டிவிட்டு, வரும்போது ஒரு லோடு கதையோடு வருவேன். ஒரு ஆனிமாசம் ஆரியங்காவு மலைப்பாதையில் பேய்மழை, தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, லோடு மொத்தமும் கரைந்து ஆற்றில் இறங்கி, மறுநாள் காலையில் ஆற்று மீனெல்லாம் கருவாடாகிக் கரையோரம் ஒதுங்கிக் கிடந்தது என்று வீட்டில் வந்து சொன்னேன். கல்யாணமான புதிது. அவள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, 'ஆதாரம்?' என்றாள். அன்றைக்குத் தொடங்கியது. எதைச் சொன்னாலும் ஆதாரம். மழை பெய்கிறது என்று சொன்னால்கூட முற்றத்தில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பாள். அதனால்தான் ஓய்வுக்குப் பிறகு, பாலிடெக்னிக்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடக்கிற திறந்தநிலை வகுப்பில், பாடப்பிரிவு என்ன வேண்டும் என்று கேட்டபோது வேதியியல் என்றேன். அங்கே என்ன சொன்னாலும் ஆதாரம் கூடவே வருகிறது. இரும்பு ஆணியை நீலத் தண்ணீரில் போட்டால் ஆணி செம்பு பூசிக்கொள்ளும் என்கிறார்கள், போட்டுப் பார்த்தால் பூசிக்கொள்கிறது. இவ்வளவு பெரிய புளுகைச் சொல்லிவிட்டு, உடனே கண்ணெதிரே செய்தும் காட்டுகிற ஒரு படிப்பு இருக்கிறது என்று எனக்கு யாரும் முன்பே சொல்லவில்லையே, லாரி ஸ்டியரிங்கை ஏன் பிடித்தேன். ஜெனிட்டா மிஸ் என் மகள் வயசு இருக்கும், என்னை 'ஐயா' என்பார், ஆனால் திட்டும்போது எல்லோருக்கும் ஒரே திட்டுதான். நேற்று சாயங்காலம் குளோரைடு சோதனை. சோதனைக் குழாயில் உப்புத் தண்ணீர், அதில் சில்வர் நைட்ரேட் கொஞ்சம். தெளிந்த தண்ணீரும் தெளிந்த தண்ணீரும்தான், கலந்த மாத்திரத்தில் குபுக்கென்று வெள்ளையாகத் திரிந்தது. 'தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு, எழுதிக்கிடுங்க' என்றார் மிஸ். எனக்கு எழுத ஓடவில்லை. தண்ணீரைத் தயிராக்கிவிட்டார்களே. புஷ்பக்கனி முகத்துக்கு முன்னால் இதைச் செய்தால். அப்புறம் மிஸ் ஏதோ சொன்னார். 'இதைக் கையில படாமப் பாத்துக்கிடணும், பட்டா...' பட்டால் என்ன. அங்கேதான் சிக்குகிறது. பட்டால் என்னவென்று மிஸ் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்துப் பையனிடம் ஆரியங்காவு கருவாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். உப்பு என்றதும் வாய் தானாகத் திறந்துவிட்டது. மிஸ்ஸின் உதடு அசைவது நினைவிருக்கிறது, பழுப்பு நிறப் பாட்டிலைத் தூக்கிக் காட்டியது நினைவிருக்கிறது, ஏன் பழுப்புப் பாட்டில் என்று கேட்டதும் முன்பெஞ்சுப் பெண் பதில் சொன்னதும், மிஸ் தலையாட்டியதும், எல்லாம் ஊமைப்படம் மாதிரி ஓடுகிறது, சத்தம் மட்டும் என் சத்தம். மீனெல்லாம் கருவாடு, மீனெல்லாம் கருவாடு.

"பெரியவரே, நீங்க ஏன் வெயில்ல நிக்கீங்க, முன்னால வாங்க, வயசானவங்களுக்கு வரிசை கிடையாது" என்று போலீஸ்காரர் இப்போது இரண்டாம் முறையாகக் கூப்பிடுகிறார். முதல் முறை கூப்பிட்டபோதே போயிருக்க வேண்டும். அப்போது புளி நிறத்தில்தான் இருந்தது, பாக்குக்கறை என்று சொல்லியிருக்கலாம். ஏதாவது யோசித்துக்கொள்ள நேரம் வேண்டும் என்று, 'இருக்கட்டும் தம்பி, நிக்கத் தெம்பு இருக்கு' என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். நேரம் கிடைத்தது. கிடைத்த நேரமெல்லாம் விரலில் ஏறிக்கொண்டிருக்கிறது. போனால் மாட்டிக்கொள்வேன், நின்றால் கறுப்பேன், திரும்பி வீட்டுக்கு நடந்தால் வேட்பாளர் புருஷனே ஓட்டுப் போடவில்லை என்று கட்டில்காரன் பட்டாசு வெடிப்பான். எனக்கு முன்னால் மாசிலாமணி குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடை நிழலுக்குள் கையை மட்டும் நீட்டி வைத்தேன். "என்ன வேணும்" என்று திரும்பினார். "ஒண்ணுமில்லை, கை வெயில் தாங்கலை" என்றேன். "கை மட்டுமா" என்று கேட்டுவிட்டு, குடையை அந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டார். பின்னால் நின்ற சுடலைமணி, லோடு ஏற்றுகிறவன், எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, மொகமெல்லாம் வேர்த்து நிக்கீங்க, அக்கா செயிச்சா உங்களச் சமையக்கட்டுல போட்டுருவான்னு பயமா" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். மற்ற நாளாக இருந்தால் நான் ஒன்று விட்டிருப்பேன், இன்றைக்குக் கையை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டேன். "அக்காவும் காலையிலருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கா, பல்வலி போல, முந்தானையால ஒரு பக்கத்தை மூடிக்கிட்டேல்லா திரியிதா" என்றான். பல்வலியா. என்னிடம் சொல்லவில்லையே. இருட்டோடு கிளம்பிப் போய்விட்டாள், நான் எழுந்தபோது அடுப்படி ஜன்னலில் அந்த டம்ளர்தான் இருந்தது. டம்ளர். நேற்று ராத்திரி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டம்ளரில் உப்புத் தண்ணீர் கலக்கச் சொன்னேன், அவள் கையாலேயே. மிஸ் அந்தப் பக்கம் திரும்பியபோது கண்மருந்துச் சீசாவில் கொஞ்சம் பிடித்து வந்திருந்தேன், மூடி சரியில்லாமல் வழிந்துகொண்டே இருந்தது, நொட்டாங்கைக்காரன், இடது கையிலேயே பிடித்து ஊற்றினேன். குபுக். தயிர். புஷ்பக்கனி டம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் டம்ளரைப் பார்த்தாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஆதாரம் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஈரக் கையோடு கன்னத்தைக் கிள்ளி, 'எப்படிட்டி' என்றேன். 'ச்சீ, விடுங்க, நாளைக்குத் தேர்தலை வச்சிக்கிட்டு' என்றாள். அந்தத் தயிரைக் காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன், வெள்ளையாக இல்லை, நாவல்பழத் தோல் மாதிரி ஊதாவாகி, மேலே சாம்பல் பூத்திருந்தது. கெட்டுப்போய்விட்டது என்று கொட்டினேன். வெளிச்சத்தில். ஜன்னல் வெளிச்சத்தில். பழுப்பு நிறப் பாட்டில் ஏன் என்றால், வெளிச்சம் படக்கூடாது என்று. கையில் பட்டால் என்னவென்றால், தோலில் உப்பு இருக்கிறது, வேர்வை இருக்கிறது, சில்வர் நைட்ரேட்டில் வெள்ளி ஜோடியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடும், உட்கார்ந்த வெள்ளியின் மேல் வெயில் பட்டால் உடைந்து, பொடிப்பொடியான வெள்ளியாகி, கறுப்பாகி... ஒளிச்சிதைவு. மிஸ்ஸின் உதடு இப்போது சத்தத்தோடு அசைகிறது. ஒளிச்சிதைவு, ஐயா, பேசாம இங்க கவனிங்க. ஓட்டு மையிலயும் இதுதான் இருக்கு, அதனாலதான் அழிக்க முடியல. கடவுளே, அப்படியானால் இது மை மாதிரி இல்லை, மையேதான். எலுமிச்சம்பழம் போடலாம், மண்ணெண்ணெய் போடலாம் என்று இவ்வளவு நேரம் நினைத்துக்கொண்டிருந்தேனே, ஒன்றும் செய்யாது, இது மீளா வினை. பாடத்தில் ஒற்றை அம்புக்குறி போட்டிருப்பார்கள், போக வழி உண்டு, திரும்பி வர வழி கிடையாது. பரீட்சைக்கு வேண்டிய பாடம் எனக்கு இங்கே, ஓட்டுச்சாவடிப் படியில், ஒரு கால் மேலேயும் ஒரு கால் கீழேயுமாக நிற்கும்போது முழுசாகப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய.

உள்ளே இருட்டாக இருந்தது, வெயிலிலிருந்து வந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை, அப்படியே இருட்டாகவே இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மேசை, அதற்குப் பின்னால் தலைமை அலுவலராக வந்திருந்த விளையாட்டு வாத்தியார், வேறு ஊர்க்காரர், கழுத்தில் விசில் கயிறு இல்லாத குறைதான். சுவரோரம் பெஞ்சில் ஏஜெண்டுகள், பூட்டுச் சாவிக்கு என் மச்சினன் லிங்கத்துரை, கட்டிலுக்குச் சேர்மத்துரை. பேரை வாசித்தார்கள், என் பேர்தான், இல்லை என்று சொல்ல முடியாது. "வெரலை நீட்டுங்க ஐயா" என்றார் மைக்குச்சி பிடித்திருந்தவர். வலது கையை நீட்டினேன். "இடது கை." பொத்திய கையைத் திறந்தேன். திருநீறு இல்லை, கரி. சேர்மத்துரை துள்ளி எழுந்து, "சார், மை வச்ச வெரலு, ஏற்கெனவே ஓட்டுப் போட்ட ஆளு, விடக்கூடாது" என்றான். லிங்கத்துரை என்னைப் பார்த்த பார்வையை நான் எந்த மலைப்பாதையிலும் பார்த்ததில்லை. "அத்தான்" என்றான், அவ்வளவுதான், எழுந்து வெளியே ஓடினான். எங்கே ஓடுகிறான் என்று தெரியும். "இது மை இல்லை சார்" என்றேன், "சில்வர் நைட்ரேட். நேத்து வேதியியல் வகுப்புல, உப்புத் தண்ணியில ஊத்தினா தயிர் மாதிரி..." சொல்லச் சொல்ல என் காதிலேயே அது ஆரியங்காவுக் கருவாடு மாதிரி விழுந்தது. அதே இழுவை, அதே கண் விரிப்பு, உண்மையைச் சொல்ல எனக்கு வேறு குரலே கிடையாதா. மேசையில் இருந்தவர்கள் குனிந்து சிரிப்பை அடக்கினார்கள். வாசலில் சுடலைமணி, "தண்ணி தயிராச்சாம்லே" என்று வெளியே செய்தி அனுப்பினான், வரிசை முழுக்க ஒரு சிரிப்பு ஓடிப்போய்த் திரும்பி வந்தது. "ஐயா, விதிப்படி மை இருந்தா அனுமதிக்க முடியாது" என்றார் வாத்தியார், பாவம், நல்ல மனுஷர். போய்விடலாம். எங்கே போக. வாசற்படி இல்லாத வீட்டுக்கா. சுவரில் பிள்ளைகள் வரைந்த பூசணிப்பூப் படம் ஒன்று ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், பூசணிப்பூவுக்கு ஏன் நீலக் கலர் அடித்திருக்கிறார்கள், நீலத்தில் ஆணி போட்டால் செம்பு, செம்பு, செம்பு. அப்போது வந்தாள். முந்தானையைக் கன்னத்தோடு பொத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. அவள் கை தானாகத் தளர்ந்தது, முந்தானை இறங்கியது. கன்னத்தில் இரண்டு கறுப்புப் பொட்டு, பக்கத்துப் பக்கத்தில், ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். பல்வலி இல்லை. காலையிலிருந்து வார்டு முழுக்க வெயிலில் கும்பிட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள், வீட்டுக்கு வீடு கறுத்திருக்கிறாள். "சார்" என்றாள், மைக்கில் பேசின அதே குரல், ஆனால் உள்ளே கொஞ்சம் தழுதழுப்பு, "அவரு சொல்லுதது நெசம். நேத்து ராத்திரி என் கண்ணு முன்னாலதான் ஊத்துனாரு. அந்தக் கையோட..." நிறுத்தினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். வார்டு உறுப்பினராக நிற்கிறவள், பேத்தி எடுத்தவள். "அந்தக் கையோட எங் கன்னத்தைக் கிள்ளுனாரு." சிரிப்பு கூரையில் போய் முட்டியது, மாசிலாமணி குடையைக் கீழே போட்டுவிட்டார். அவள் அசையவில்லை, சிரிப்பு ஓய்கிறவரை அப்படியே நின்றாள். சேர்மத்துரை மட்டும் விடவில்லை, "சார், இதெல்லாம் நாடகம், அது மையேதான், நான் அடிச்சிச் சொல்லுதேன்" என்றான். புஷ்பக்கனி அவன் பக்கம் திரும்பினாள். "சரி தம்பி, மையாவே இருக்கட்டும். எனக்கு விழுற ஓட்டுக்கு நானே மை வச்சி அழிப்பனா? மாட்டேன். அப்போ நேத்து ராத்திரி மைக்கூட்டைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தது யாரு, அந்தப் பேரையும் அடிச்சிச் சொல்லிரு. சார் எழுதிக்கிடட்டும்." வாத்தியார் பேனாவை எடுத்தார். சேர்மத்துரை என் விரலைப் பார்த்தான், பேனாவைப் பார்த்தான். "இல்லை சார்" என்றான் கடைசியில், "அது... அந்த ஆசிட்டாத்தான் இருக்கும். அவரு படிக்காருல்லா." என் வாழ்நாளில் நான் சொன்ன ஒன்றை உண்மை என்று இரண்டு பேர் சாட்சி சொன்னது இந்த அறையில்தான், அதில் ஒருவன் எதிரி. வாத்தியார் இரண்டு கன்னப் பொட்டையும் என் விரலையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ஊதாவே காணுமே, நம்ம மை வச்ச ஒடனே ஊதாவால்ல தெரியும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பக்கத்து வெரல்ல வைங்க." நடுவிரலில் மை குளிர்ந்தது. ஊதாதான்.

அட்டை மறைப்புக்குள் தனியாக நின்றபோது முத்திரையைக் கட்டிலில் போட்டுவிடுவேனோ என்று பயம் வந்தது, பூட்டையும் சாவியையும் நன்றாகப் பார்த்து, மூச்சை அடக்கிக் குத்தினேன். மடித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் அவள் நிற்கிறாள், முந்தானையை இழுத்துச் செருகிவிட்டிருந்தாள், கன்னத்தை இனிமேல் எதற்கு மூட. திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். "இது எப்பப் போகும்" என்றாள். "தோல் உரிஞ்சாத்தான்." "ஓட்டு எண்ணுறதுக்குள்ள?" "போவாது." ம் என்றாள். சாலையில் சுடலைமணியும் இன்னும் நாலு பேரும் கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி கையைக் காட்டிக்கொண்டு போனார்கள், அவள் அவர்களையும் விடாமல் கும்பிட்டாள். கொஞ்ச தூரம் நடந்தோம். அவள் எதையோ மனசுக்குள் மென்றுகொண்டே வருகிறாள் என்று தெரிந்தது. பம்புசெட் தாண்டினதும் நின்றாள். "ஏங்க" என்றாள், இத்தனை வருஷத்தில் இந்தக் குரலை நான் கேட்டதில்லை, "அந்த ஆரியங்காவுல, மழையில உப்புக் கரைஞ்சி, ஆத்து மீனெல்லாம் கருவாடாப் போச்சின்னு சொன்னீங்களே. அதுவும் நெசந்தானா?" வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது, பொட்டு இரண்டும் இன்னும் கறுத்துக்கொண்டிருந்தன. ஆமாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, இல்லை என்று சொல்லவும் வரவில்லை, லாரி மலைப்பாதையில் முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் சிக்கிக்கொள்ளுமே, அப்படி நின்றேன். "ஆதாரம் ஒண்ணும் இல்லட்டி" என்றேன்.

"ஆதாரத்தை யாரு கேட்டா" என்றாள்.